போர்ட் ஒயின் பிறக்கும் மலைநாடு

திராக்ஷைத் தோட்டங்கள் நிறைந்த தேசங்களுக்கு விடுமுறையில் உல்லாசப் பிரயாணம் போய் வருவது நம்மவர்களிடையேயும் வழக்கமாகி வருகிறது. போர்ச்சுகல் தேசத்திலுள்ள டோரோ நதிப் பள்ளத்தாக்கு, அவ்விதம் ஜனங்கள் தேடிச் செல்லும் இடங்களில் ஒன்று. ஆனால் அங்கே செல்கிறவர்களில் பலர் செய்வது என்ன? போர்ட்டோ நகரத்தில் இறங்குகிறார்கள். 1886-ம் வருஷத்தில் திறக்கப்பட்ட பெரிய இரும்புப் பாலத்தைக் கடந்து, எதிர்க்கரையில் வீலா நோவா டி காயா என்னும் ஊரிலுள்ள பழைய கிடங்குகளுக்குள் நுழைகிறார்கள். இரண்டு மூன்று கிண்ணங்களை ருசி பார்க்கிறார்கள். "போர்ட் ஒயினைப் பற்றித் தெரிந்துகொண்டோம்" என்று திருப்தியுடன் திரும்பி விடுகிறார்கள்.

கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, மணமக்களைப் பாராமலே வீடு திரும்புவது போன்றதுதான் இது. போர்ட் ஒயின் அந்தக் கிடங்குகளில் பிறப்பதில்லை. முதிர்வதற்குத்தான் அங்கே வருகிறது. பிறந்த இடம், நதியின் மேல்போக்கில் சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பால், மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. அதைக் காணாதவர்கள் அந்த மதுவின் சரித்திரத்தில் பாதியைத்தான் கண்டவர்கள். மதுவைக் கையாலும் தொடாத குடும்பத்தினர்கூட அந்த மலைநாட்டைப் பார்த்து மகிழலாம். ஆயினும் புறப்படுவதற்கு முன் சில விஷயங்களை அறிந்துகொள்வது நலம்.

பாகு பதம் போல ஒரு பதம்

சாதாரண ஒயினுக்கும் போர்ட் ஒயினுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு காரியத்தில் அடங்கியிருக்கிறது. திராக்ஷை ரஸத்தில் இயற்கையாகவே சர்க்கரை உண்டு. பழத்தைப் பிழிந்து வைத்தால், ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அந்தச் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றுகிறது. சர்க்கரை முழுவதும் தீர்ந்த பிறகு கிடைப்பது சாதாரண ஒயின். அதில் நூற்றுக்கு 12 அல்லது 14 பங்கு சாராயச் சத்து இருக்கும். இனிப்பு அனேகமாக இராது.

போர்ட் ஒயின் செய்கிறவர்கள் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. ரஸம் நொதிக்க ஆரம்பித்து இரண்டு மூன்று தினங்களில், சர்க்கரையில் ஏறக்குறையப் பாதி மீதி இருக்கும்போதே, திராக்ஷையிலிருந்து வடித்த தெளிந்த சாராயத்தை அதில் கலந்து விடுகிறார்கள். அந்தச் சாராயத்தின் வலிமை நூற்றுக்கு 77 பங்கு. பழைய கணக்குப்படி 435 லிட்டர் ரஸத்துக்கு 115 லிட்டர் சாராயம் சேரும். இரண்டும் சேர்ந்து 550 லிட்டர் கொண்ட ஒரு 'பைப்' பீப்பாயாகும். அவ்வளவு கடுமையை ஈஸ்டினால் தாங்க முடியாது. அது மடிந்து போகிறது. நொதிப்பு நின்று விடுகிறது. தின்னாமல் விட்ட சர்க்கரை அப்படியே தங்குகிறது. ஆகவேதான் போர்ட் ஒயின் தித்திப்பாகவும், அதே சமயத்தில் நூற்றுக்கு 19 முதல் 22 பங்கு வரை வலிமையுள்ளதாகவும் இருக்கிறது.

அதிரஸத்துக்குப் பாகு காய்ச்சும் பாட்டிமார்களுக்குப் பதத்தின் அருமை தெரியும். ஒரு நிமிஷம் முந்தினாலும் பிந்தினாலும் பண்டம் கெட்டுப் போகும். சாராயம் சேர்க்க வேண்டிய வேளையும் அப்படிப்பட்டதுதான். முந்தினால் தித்திப்பு மிஞ்சும்; பிந்தினால் தித்திப்பு குன்றும்.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நொதிக்கும் நாட்கள் குறைவாகையால், பழத்தோலிலுள்ள நிறத்தையும் துவர்ப்பையும் அந்தச் சொற்ப காலத்துக்குள் ரஸத்தில் இறக்கியாக வேண்டும். அதற்காக ஏற்பட்டதுதான் காலால் மிதிக்கும் வழக்கம். 'லகார்' என்று சொல்லப்படும் ஆழமில்லாத கருங்கல் தொட்டியில் பழங்களைக் கொட்டுகிறார்கள். ஆண்களும் பெண்களும் தோளோடு தோள் கோத்து வரிசையாக நின்று, ஒருவர் சொல்லும் தாளத்துக்கு இசைய மெதுவாக அடியெடுத்து மிதிக்கிறார்கள். சுமார் இரண்டு மணி நேரம் இந்தக் கட்டுப்பாடு. அப்புறம் வாத்தியமும் ஆட்டமும் ஆரம்பித்து விடும். மனிதன் பாதம் மிருதுவானது. அது தோலை நன்றாக நசுக்குமே தவிர, கசப்பான விதைகளை உடைப்பதில்லை. இப்போது பெரும்பாலான இடங்களில் யந்திரங்கள் வந்துவிட்டன. இருப்பினும் உயர்ந்த ரகங்களுக்குக் காலால் மிதிப்பதைச் சில தோட்டங்கள் இன்றும் விடவில்லை.

மரமும் கண்ணாடியும்

கடையில் போர்ட் புட்டிகளின் பெயர்களைப் பார்த்தால் புதியவர்களுக்கு மயக்கமாயிருக்கும். ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் மயக்கம் தெளிந்துவிடும்: "இந்த ஒயின் வயதானது மரப் பீப்பாயிலா, கண்ணாடிப் புட்டியிலா?"

மரத்தின் வழியாகக் காற்று சிறிது சிறிதாக உட்புகும். சிறு பீப்பாய்களில் பல வருஷம் கிடக்கும் ஒயின், செந்நிறம் மங்கிப் பழுப்பும் பொன்னும் கலந்த நிறத்தை அடைகிறது; முந்திரி, வாதுமை, உலர்ந்த அத்தி இவற்றின் வாசனை ஏறுகிறது. இதற்கு 'டானி' என்று பெயர். புட்டியின்மேல் 10, 20, 30, 40 என்று வருஷக் கணக்குப் போட்டிருப்பார்கள். பல வருஷத்து ஒயின்களைச் சேர்த்துக் கலப்பதால், அந்த எண் கலவையின் தன்மையைக் குறிக்குமே அன்றி ஒரே பிறந்த நாளைக் குறிப்பதல்ல. ஒரே வருஷத்து விளைச்சலாயிருந்து, குறைந்தது 7 வருஷம் மரத்தில் கிடந்தால் அது 'கொல்யெய்த்தா'.

'ரூபி' என்பது இளமை குன்றாத செந்நிற ஒயின், விலையும் மலிவு. 'விண்டேஜ்' என்பதுதான் எல்லாவற்றிலும் கீர்த்தி பெற்றது. மிகச் சிறந்த வருஷத்து விளைச்சலை மட்டும் இரண்டு மூன்று வருஷத்துக்குள் புட்டியில் அடைத்து, பிறகு கண்ணாடிக்குள்ளேயே பல்லாண்டு முதிர விடுகிறார்கள். எல்லா வருஷங்களும் அந்தக் கௌரவத்தைப் பெறுவதில்லை. 2016, 2017 ஆகிய இரண்டு வருஷங்களும் அடுத்தடுத்து அதைப் பெற்றது அபூர்வமாகப் பேசப்பட்டது. விண்டேஜ் புட்டியின் அடியில் வண்டல் தங்கும். ஆகையால் தெளிய வைத்து வேறு பாத்திரத்தில் வார்ப்பார்கள். திறந்த பின் ஓரிரு நாளில் அதன் மணம் போய்விடும். டானியோ காற்றோடு முன்பே பழகியதாகையால் சில வாரம் வரை தாங்கும். எதுவானாலும் சிறிய கிண்ணத்தில்தான் பரிமாறுவார்கள். சாதாரண ஒயினைவிட வலிமையில் ஒன்றரை மடங்கு என்பதைத் தித்திப்பின் மயக்கத்தில் மறந்துவிடக் கூடாது.

தாயாதிகள்

சாராயம் சேர்த்து வலுவூட்டும் வழக்கம் போர்ச்சுகலின் மலைநாட்டோடு நின்றுவிடவில்லை. ஸ்பெயின் தேசத்து ஹெரெஸ் நகரத்தைச் சுற்றிச் 'ஷெர்ரி' உண்டாகிறது. அங்கே நொதிப்பு முழுதும் முடிந்த பிறகே சாராயம் சேர்ப்பதால், ஷெர்ரியில் பெரும்பாலான ரகங்கள் தித்திப்பில்லாதவை. ஸிஸிலித் தீவில் மார்ஸாலா நகரத்து ஒயினை 1773-ல் இங்கிலாந்துக்கு அனுப்பத் தொடங்கியவர் உட்ஹவுஸ் என்னும் வியாபாரி. இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டி 1860-ம் வருஷம் மே மாதம் 11-ந் தேதி தமது ஆயிரம் தொண்டர்களுடன் கரையிறங்கியது அதே மார்ஸாலாத் துறைமுகத்தில்தான்.

மதேராத் தீவின் ஒயினுக்கு நம் ஊருடனும் சம்பந்தம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வரும் வழியில் அத்தீவில் தங்கிப் பீப்பாய்களை ஏற்றிக்கொள்ளும். உஷ்ணப் பிரதேசத்துக் கடல்களில் மாதக்கணக்காக வெந்து குலுங்கியும் அந்த ஒயின் கெடவில்லை. முன்னைவிட ருசியாக மாறியது. பிற்பாடு கப்பலில் ஏற்றாமலே, சூடான அறைகளில் வைத்து அதே குணத்தை வரவழைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

யாருடைய பெயர்? யாருடைய உழைப்பு?

காயா நகரத்துக் கிடங்குகளின் கூரைமேல் பெரிய எழுத்துக்களில் தெரியும் பெயர்களில் பல இங்கிலீஷ்ப் பெயர்கள். அதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் பகைமை முற்றியபோது, இங்கிலீஷ்காரர்களுக்குப் பிரெஞ்சு ஒயின் கிடைப்பது அரிதாயிற்று. 1703-ல் ஏற்பட்ட மெத்யூன் ஒப்பந்தம் போர்ச்சுகல் ஒயினுக்குப் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான வரி விதித்தது; பதிலுக்குப் போர்ச்சுகல் இங்கிலீஷ்க் கம்பளித் துணியை உள்ளே விட்டது. வியாபாரம் பெருகிற்று. அதோடு கலப்படமும் பெருகிற்று. நிறத்துக்காக 'எல்டர்' என்னும் செடியின் பழச்சாற்றைச் சேர்த்தார்கள். பெயர் கெட்டது, விலை விழுந்தது, மலைநாட்டுக் குடியானவன் தவித்தான்.

அப்போது மந்திரியாயிருந்த பொம்பால் பிரபு 1756-ல் ஒரு கம்பெனியை ஸ்தாபித்து, எந்த நிலத்து ஒயின் போர்ட் என்ற பெயருக்கு உரியது என்று கருங்கல் நட்டு எல்லை கட்டினார். எல்டர் செடிகளை வேரோடு பிடுங்கும்படி உத்தரவிட்டார். சட்டத்தினால் எல்லை வகுத்து மேற்பார்வை செய்யப்பட்ட ஒயின் பிரதேசங்களில் உலகத்தில் மிகப் பழமையானவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால் அந்தக் கம்பெனி போர்ட்டோ நகரத்து ஒயின் வியாபாரத்தையும் ஏகபோகமாக்கிக் கொண்டது. 1757-ல் நகரத்து ஏழை ஜனங்கள் கிளர்ந்தெழுந்தபோது, அரசாங்கம் பலரைத் தூக்கிலிட்டு அடக்கியது.

எல்லை கட்டியதனால் குடியானவனுக்கு முழு நியாயம் கிடைத்துவிடவில்லை. 1926-ல் வந்த சட்டப்படி, ஏற்றுமதியாகும் போர்ட் ஒயின் யாவும் காயா நகரத்துக் கிடங்குகள் வழியாகவே செல்ல வேண்டியிருந்தது. அங்கே கிடங்கு வைத்துக்கொள்ள வசதியில்லாத சிறு தோட்டக்காரன், விளைந்ததை வியாபாரிக்கே விற்றாக வேண்டும். 1986-ல்தான் அந்தத் தடை நீங்கிற்று. அதற்குப் பின்னர் சிறிய தோட்டங்களின் பெயர் தாங்கிய புட்டிகள் வெளிநாடுகளுக்குச் செல்ல ஆரம்பித்தன.

இன்றும் கவலை ஒழிந்தபாடில்லை. ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு ரஸத்தைப் போர்ட் ஒயினாக்கலாம் என்று அதிகாரிகள் அளவு குறிக்கிறார்கள். நிலத்தின் உயரம், சரிவு, மண், கொடியின் வயது முதலியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, ஒவ்வொரு தோட்டத்துக்கும் பங்கு பிரிக்கிறார்கள். போர்ட் ஒயினுக்கான பழம் நல்ல விலை பெறும். மிஞ்சிய பழத்துக்கு அவ்வளவு கிடைக்காது. மொத்த அளவு 2023-ல் 1,04,000 பைப். 2024-ல் 90,000 பைப். உலகத்தில் போர்ட் குடிப்பவர்கள் குறைந்து வருவதால் ஏற்பட்ட இந்தக் குறைவு, செங்குத்தான சரிவில் கையால் பழம் பறிக்கும் சிறு குடும்பங்களின் வருமானத்தில்தான் முதலில் உறைக்கிறது.

மலைக்குப் போகும் வழி

போர்ட்டோ நகரத்து ஸான் பெண்டோ ரயில் நிலையத்தின் சுவர்களில் பதித்திருக்கும் நீல ஓட்டுச் சித்திரங்களே கண்கொள்ளாக் காட்சி. நகரத்திலிருந்து புறப்படும் ரயில், ரேகுவா, பின்யாவ் ஊர்களைத் தொட்டுப் பொசீன்யோ வரையில் செல்கிறது. பாதையின் பெரும் பகுதி நதிக்கரையை ஒட்டியே போகும். மராவ் மலைத்தொடரைத் தாண்டியதும் சமுத்திரத்தின் மழை மேகங்கள் பின்தங்கி விடுகின்றன. "ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம்" என்பது அந்தப் பக்கத்து ஜனங்களின் பழமொழி. அங்கே மண் என்று சொல்லத்தக்கது கொஞ்சம். ஏடு ஏடாகப் பிளக்கும் பாறைதான் அதிகம். அந்தப் பாறையை உடைத்து, சுண்ணாம்பில்லாமல் கல்லின்மேல் கல் அடுக்கிச் சுவர் எழுப்பி, மலையையே படிக்கட்டாக்கி யிருக்கிறார்கள். கொடியின் வேர் பாறைப் பிளவுகளுக்குள் ஆழமாக இறங்கி நீரைத் தேடுகிறது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலாக்ஸெரா என்னும் பூச்சி கொடிகளை அழித்தபோது கைவிடப்பட்ட படிக்கட்டுகளில் சில இன்றும் புதர் மண்டிக் கிடப்பதைக் காணலாம். 2001-ல் இந்தப் பள்ளத்தாக்கின் ஒரு பகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இப்போது அமைதியாகத் தோன்றும் இந்த நதி ஒரு காலத்தில் ஆட்களை விழுங்கும் நதியாயிருந்தது. அணைகள் கட்டப்படுவதற்கு முன், 'ரபேலோ' என்ற தட்டையடிப் படகுகளில்தான் பீப்பாய்கள் பாறைச் சுழல்களைக் கடந்து கீழே வரும். நதியின் போர்ச்சுகல் பகுதிக்குப் படம் வரைந்த பாரஸ்டர் என்னும் இங்கிலீஷ் வியாபாரியே 1861-ல் வலெய்ரா என்ற இடத்தில் படகு கவிழ்ந்து மாண்டார். போர்ட் ஒயினில் சாராயம் சேர்க்கக் கூடாது என்று வாதாடியவர் அவர்! அதே படகில் வந்த தோனா அந்தோனியா பெரேரா என்னும் அம்மையார் உயிர் தப்பினார். 1811 முதல் 1896 வரை வாழ்ந்த அந்த அம்மையார், இளமையிலேயே கைம்பெண்ணாகி, டோரோப் பிரதேசத்திலேயே பெரிய நிலச் சொந்தக்காரர்களில் ஒருவராக விளங்கினார். இன்றும் அவருடைய பெயரை அந்த ஊர் ஜனங்கள் அன்புடன் சொல்கிறார்கள்.

செல்வதற்கு உகந்த காலம் செப்டம்பர் மாதமும் அக்டோபர் ஆரம்பமும். அறுவடை நடக்கும் சமயம் அது. பின்யாவ் ரயில் நிலையத்துச் சுவர்களிலும் அறுவடைக் காட்சிகளை ஓடுகளில் தீட்டியிருக்கிறார்கள். ரேகுவாவில் டோரோப் பிரதேசத்துக்கென்றே ஒரு காட்சிச்சாலை இருக்கிறது. ஆகவே பிரயாணத் திட்டத்தில் முதல் இரண்டு நாட்களை மலைக்கு ஒதுக்கி, காயா நகரத்துக் கிடங்குகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்தத்தில் ஒயின் செய்யும் சிறு தோட்டம் ஒன்றுக்காவது முன்கூட்டி எழுதிவிட்டுப் போங்கள். அங்கே யாரேனும் கிண்ணத்தை நீட்டினால், மரத்தில் வயதானதா கண்ணாடியில் வயதானதா என்று கேட்பதோடு, பழம் எந்தச் சரிவில் விளைந்தது, யார் பறித்தார்கள் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கையை நீட்டி ஒரு மலைச்சரிவைக் காட்டக் கூடியவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.