சரக்குப் பிக்கப் வண்டியின் குதிரைத்திறனும் முறுக்குவிசையும்

குதிரைத்திறன், முறுக்குவிசை ஆகியவை ஒரு வண்டியின் எஞ்சினை மதிப்பிடப் பயன்படும் இரு அளவுகள் ஆகும். எஞ்சினின் தண்டைத் திருப்பும் ஆற்றலின் அளவே முறுக்குவிசை. பணிமனைகளில் இது டார்க் என்றே வழங்குகிறது. அத்திருப்பல் எவ்வளவு விரைவாக வேலையாக மாறுகிறது என்பதைக் குதிரைத்திறன் காட்டுகிறது. இவற்றின் வேறுபாட்டை விளக்க, நாமக்கல் மாவட்டத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைச் சாலை நல்ல எடுத்துக்காட்டு ஆகும். மலையில் விளையும் மிளகு, வாழை, அன்னாசி, பலா முதலியன பெரும்பாலும் டர்போசார்ஜர் பொருத்திய டீசல் பிக்கப் வண்டிகளிலேயே இவ்வழியாக இறங்குகின்றன.

தொடர்பு

முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரிலும் சுழற்சியை நிமிடக் கணக்கிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி 9549 ஆல் வகுத்தால் கிலோவாட்டில் திறன் கிடைக்கும். ஓர் எஞ்சின் 2200 சுழற்சியில் 200 நியூட்டன் மீட்டர் தருவதாகக் கொண்டால், அதன் திறன் 46 கிலோவாட், அதாவது சுமார் 62 குதிரைத்திறன். அதே எஞ்சின் 3200 சுழற்சியில் 167 நியூட்டன் மீட்டர் மட்டுமே தந்தாலும் திறன் 56 கிலோவாட்டாக, சுமார் 75 குதிரைத்திறனாக உயர்கிறது. விளம்பரங்களில் அச்சாகும் பெரிய எண் இந்த இரண்டாவதே. மலையேறும் ஓட்டுநருக்கு உதவுவது பெரும்பாலும் முதலாவது.

ஏற்றத்தில் நடப்பது

சரக்குடன் 3000 கிலோகிராம் எடையுள்ள வண்டி, பத்துக்கு ஒன்று என்ற சரிவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதாகக் கொள்வோம். புவியீர்ப்பை எதிர்க்க ஏறத்தாழ 2940 நியூட்டன், டயர்களின் உருளல் தடைக்கு 440 நியூட்டன் தேவை. சக்கரத்தின் ஆரம் 0.34 மீட்டர் எனில், சக்கரத்தில் வேண்டிய முறுக்குவிசை 1150 நியூட்டன் மீட்டர்.

இரண்டாம் கியரில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான மொத்த விகிதம் 10 என்றும், பல்சக்கர இழப்பு 10 விழுக்காடு என்றும் வைத்தால், எஞ்சின் 1560 சுழற்சியில் 128 நியூட்டன் மீட்டர் தந்தால் போதும். அது எளிது. மொத்த விகிதம் 6 ஆக உள்ள மூன்றாம் கியரிலோ, எஞ்சின் 940 சுழற்சிக்கு இறங்கிவிடும். தேவை 213 நியூட்டன் மீட்டராக ஏறிவிடும். அவ்வளவு தாழ்ந்த சுழற்சியில் வெளியேறும் புகையின் ஓட்டம் டர்போவின் சுழலியைப் போதிய வேகத்தில் சுழற்றாது. வண்டி திணறி நிற்கும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைக்கும் பழக்கம் கொண்ட மலை ஓட்டுநர்கள், இக்கணக்கைக் காகிதம் இல்லாமலே செய்கிறார்கள் எனலாம்.

உயரமும் டர்போவும்

கடல் மட்டத்திலிருந்து 1200 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 13 விழுக்காடு குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்கு வலுவிழக்கும். டர்போசார்ஜர் காற்றை அமுக்கி இக்குறையை ஈடுசெய்யும். ஆனால் இலவசமாக அல்ல. தரைமட்டத்தில் காற்றை இரு மடங்காக அமுக்கினால் கிடைக்கும் அழுத்தத்தை மலை மேல் பெற, ஏறத்தாழ 2.3 மடங்கு அமுக்க வேண்டும். எனவே சுழலி மேலும் வேகமாகச் சுழல்கிறது.

அளத்தல்

தண்டில் நேரடியாக அளக்கும் எஞ்சின் டைனமோமீட்டர், சக்கரங்களை உருளைகளின் மேல் ஓட்டி அளக்கும் சேசிஸ் டைனமோமீட்டர் என இரு வகைகள் உண்டு. இரண்டாவது வகையில் கியர், அச்சு, டயர் இழப்புகள் கழிந்து, எண் பொதுவாக 10 முதல் 20 விழுக்காடு வரை குறைவாகவே வரும். இதைக் கண்டு ஏமாற்றப்பட்டோம் எனக் கருதத் தேவையில்லை. இந்தியாவில் வண்டி வகைகளுக்கான சான்றளிப்புச் சோதனைகளைப் புனேயிலுள்ள ஏஆர்ஏஐ போன்ற நிறுவனங்கள் செய்கின்றன.

வெப்பநிலையும் காற்றழுத்தமும் மாறினால் அளவீடும் மாறும் என்பதால், முடிவுகள் 25 பாகை செல்சியசு, 99 கிலோபாஸ்கல் உலர்காற்று அழுத்தம் என்ற நிலைக்குத் திருத்தப்படுகின்றன. டர்போ இல்லாத எஞ்சினுக்கான திருத்தத்தை டர்போ எஞ்சினுக்கு இட்டால், மலைப்பகுதியில் எடுத்த எண் பொய்யாக உயரும். சீரமைப்புக்கு முன்னும் பின்னும் ஒரே கருவியில், ஒரே கியரில் அளந்த இரு வரைகோடுகளே ஒப்பிடத் தக்கவை.

சீரமைத்தல்

இக்கால டீசல் எஞ்சின்களில் எரிபொருளின் அளவு, செலுத்தும் நேரம், டர்போ அழுத்தம் ஆகியவற்றை மின்னணுக் கட்டுப்பாட்டகம் முடிவு செய்கிறது. அதிலுள்ள அட்டவணைகளை மாற்றி எழுதினால் முறுக்குவிசை கூடும். எரிபொருள் குழாயின் அழுத்த உணரிக்கு இடையில் ஒரு பெட்டியைச் செருகி, அழுத்தம் குறைவு எனப் பொய்ச் செய்தி அனுப்புவது மலிவான வழி. இதில் எஞ்சினின் பாதுகாப்புக் கணக்குகளும் சேர்ந்தே ஏமாற்றப்படுகின்றன.

காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால் கரும்புகை வரும், வெளியேறும் வாயுவின் வெப்பம் ஏறும். நீண்ட ஏற்றத்தில் இவ்வெப்பம் தணிய இடைவெளி கிடைப்பதில்லை. சமவெளியில் சில நொடி முழு அழுத்தத்தைத் தாங்கிய டர்போ, மெல்லிய காற்றில் தன் வேக எல்லையைக் கடக்கவும் கூடும். பெரும்பாலும் முதலில் வழுக்கத் தொடங்குவது கிளட்ச்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் இதை உறுதிப்படுத்தியது.

இறக்கம்

கூடுதல் முறுக்குவிசை கிடைத்ததும் கூடுதல் மூட்டைகள் ஏற்றும் ஆசை வருவது இயல்பு. பிரேக்குகளோ முன்பிருந்தவையே. 3000 கிலோகிராம் வண்டி 1000 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 29 மெகாஜூல். இது 100 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இதைப் பிரேக்குகள் மட்டுமே ஏற்றால் அவை சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆகவே தாழ்ந்த கியரில் இறங்கி, எஞ்சினின் உராய்வும் அமுக்கமும் வண்டியைப் பிடித்து நிறுத்துமாறு செய்ய வேண்டும். கால் முடுக்கியிலிருந்து எடுக்கப்பட்டதும் எரிபொருள் நின்றுவிடுவதால், எரிபொருளைக் கூட்டிச் செய்த எந்தச் சீரமைப்பும் இப்பிடிப்பைச் சிறிதும் கூட்டுவதில்லை.