புளூ ஜுரமும் நம் குழந்தைகளும்

ஐப்பசி அடைமழை தொடங்கியதும் தமிழ்நாட்டில் இன்புளூயன்சா என்னும் புளூ ஜுரம் தலைதூக்குவது வழக்கம். பள்ளி சென்ற பிள்ளை இருமலோடு திரும்புகிறது. இரண்டொரு நாளில் தறியில் அமரும் தந்தையும், தார் சுற்றும் தாயும், முதிய பாட்டியும் படுத்துவிடுகின்றனர். தறி நின்றால் கூலியும் நின்றுவிடும். ஆகவே இது வைத்தியர்களுக்கு மட்டும் உரிய விஷயமன்று. அங்கத்தினர் ஒவ்வொருவரும் சிந்திக்கத் தக்கதாகும்.

1957-ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த கப்பலொன்றின் வழியே இந்நோயின் புதிய வகை நம் நாட்டினுள் புகுந்தது. 1958 பிப்ரவரிக்குள் இந்தியாவில் சுமார் 44 லட்சம் பேர் பீடிக்கப்பட்டனர். ஏறக்குறைய 1,100 பேர் மாண்டனர் என்பது பதிவான கணக்கு. துறைமுகத்தில் இறங்கிய நோய் நாடெங்கும் பரவியதற்கு மனிதர் நெருங்கி வாழ்வதே வழி வகுத்தது.

நம் பள்ளத்தாக்கிலும் நெருக்கத்துக்குக் குறைவில்லை. கம்பம், போடி ஊர்களிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறுகிறோம். ஆண்டிப்பட்டிப் பக்கத்து நெசவாளர் இல்லங்களில் தறியுள்ள அறையே படுக்கையறையாவதும் உண்டு. இருமலிலும் தும்மலிலும் தெறிக்கும் நுண்துளிகள் இத்தகைய இடங்களில் எளிதில் பிறரைத் தொற்றும். ஜுரம் காண்பதற்கு ஒரு நாள் முன்பே தொற்றத் தொடங்கி, பின்னரும் ஒரு வாரம் வரை பரவக்கூடும்.

காலையில் ஒரு மாத்திரையைக் கொடுத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. உடற்சூடு தணியலாம்; கிருமி தணிவதில்லை. மருந்தின்றியே ஜுரம் நீங்கி ஒரு முழு நாள் கழியும் வரை பிள்ளை வீட்டிலிருப்பதே நலம். நோயாளிக்குக் காற்றோட்டமான தனியிடமும், நிறையக் கஞ்சியும் வெந்நீரும் வேண்டும். அனைவரும் சோப்பிட்டுக் கை கழுவுதலும், இருமும்போது வாயைத் துணியால் மூடுதலும் அவசியம்.

பாக்டீரியாக்களைக் கொல்லும் மருந்துகள் இக்கிருமியை ஒன்றும் செய்யா. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் தருதல் கூடாது. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, தண்ணீரும் அருந்தாமை, மயக்கம், தணிந்த ஜுரம் மீண்டும் மூளுதல் ஆகியவை காணின் தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்க. ஆண்டுதோறும் போடத்தக்க தடுப்பூசியும் உண்டு. கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியோர், ஆஸ்துமா, நீரிழிவு உடையோர் இதுபற்றி மழைக்கு முன்னரே மருத்துவரைக் கலந்துகொள்வது நன்று.

‘பிள்ளையை வீட்டில் வைத்தால் பிழைப்பு என்னாவது?’ என்று தாய்மார் கேட்பது நியாயமே. இங்கேதான் கூட்டுறவின் பொருள் விளங்க வேண்டும். நோயுற்ற வீட்டுக்கு நூலைக் கொண்டு சேர்த்தல், துணியை ஒப்படைக்க இரண்டு நாள் தவணை தருதல், வாடும் தோட்டத்துக்கு அண்டையார் ஒரு வேளை நீர் பாய்ச்சுதல் ஆகியவை நம்மால் ஆகக்கூடியவை. ஒரு வீட்டின் மூன்று நாள் ஓய்வை நாம் தாங்கினால், ஒரு தெருவே படுக்காமல் காப்பாற்றலாம். இவ்வாண்டு மழைக்கு முன்பே சங்கங்கள் இதனை ஆலோசித்து முடிவு செய்யுமாறு வேண்டுகிறோம்.