நின்றால் சிவப்பு

நாமக்கல் லாரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பாடி கட்டும் பட்டறையும் கேஸ் டேங்கரும் நினைவுக்கு வரும். எனக்கு அது புக்கிங் ஆபீஸ் கம்ப்யூட்டரில் நகரும் ஒரு புள்ளி. ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. சிவப்பாகிக் கொஞ்ச நேரத்தில் ஓனர் போனுக்குத் தகவல் போய்விடும். அவர் என்னைக் கூப்பிடுவார், நான் டிரைவரைக் கூப்பிடுவேன்.

“அண்ணே, வண்டி எதுக்குங்க நிக்குது?”

“சோறு திங்கறனுங்க அம்மிணி. அதையுமா அந்தப் பொட்டி கேக்குது?”

அந்தப் புள்ளியைக் காட்ட வண்டியில் வைத்திருக்கும் கருவியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். டீசல் திருட்டு குறைந்தது. வண்டி காணாமல் போனால் தேட வழியிருக்கிறது. ஆனால் அது வந்த கையோடு ஓர் ஆள் இறங்கிப் போனார். நேஷனல் பர்மிட் வண்டிக்கு முன்பு இரண்டு டிரைவர் கட்டாயம். 2018 நவம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தி, ஃபாஸ்டேக்கையும் வண்டி இருக்குமிடம் காட்டும் கருவியையும் கொண்டுவந்தபோது, இரண்டாவது டிரைவர் தேவையில்லை என்றது. ஒருவர் தூங்க ஒருவர் ஓட்டிய வண்டியில் இப்போது ஒருவரே விழித்திருக்கிறார்.

சரக்குக்கும் ஒரு கடிகாரம் உண்டு. சரக்கோடு போகும் இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டின் கெடுவுக்கு ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் என்றிருந்த கணக்கு, 2021 ஜனவரியில் 200 ஆனது. ஓடும் வண்டிக்கு அது பெரிய தூரமில்லை. வழியில் பழுதாகி நின்றால்தான் வம்பு. கெடு முடிவதற்கு முன்னே 8 மணி நேரம், பின்னே 8 மணி நேரம், அதற்குள் நீட்டித்தாக வேண்டும். அப்படிப்பட்ட ராத்திரிகளில் எனக்கும் தூக்கம் கிடையாது.

மனிதனுக்கும் ஒரு கணக்கு எழுதிவைத்திருந்தார்கள். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பொதுவாக நாளுக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் அரை மணி ஓய்வு என்றது. அன்றைக்கு அதை யார் கூடவே போய்ப் பார்ப்பது? இன்று வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எங்கே நின்றது எல்லாம் என் மேஜையில் பதிவாகிறது. நின்றால் கத்தும் மென்பொருள், நிற்காமல் ஓடினால் ஏன் வாய் திறப்பதில்லை?

மென்பொருள் விற்க வந்த தம்பியிடமே கேட்டேன். “அந்த வசதி இருக்குதுங்க மேடம். ஆன் பண்ணச் சொல்லி யாரும் கேக்கறதில்ல” என்றார்.

ஓனரிடம் சொன்னேன். “லோடு நேரத்துக்குப் போகலீன்னா பார்ட்டி வாடகையில புடிப்பான். நீ பேசிக்கிறியா?” என்றார். பார்ட்டி போனிலும் அதே புள்ளிதான் ஓடிக்கொண்டிருக்கிறது.