எல்.கே.ஜி. பிள்ளையின் மனமும் படிப்பும்

மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை பிள்ளையின் மனத்தையும் படிப்பையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வழியில்லை. அந்த வயதில் எந்தப் பாடமும் ஒரு மனிதரின் குரல் வழியாகத்தான் உள்ளே போகிறது. பேருந்து ஜன்னலில் நின்றபடி ‘எருமை!’ என்று கத்தும் பிள்ளையிடம், ‘ஆமா, எத்தனை எருமை? குட்டி எது?’ என்று அம்மா கேட்டால் அங்கே எண்ணும் வருகிறது, சொல்லும் வருகிறது. தான் சொன்னதை ஒருவர் காதில் வாங்கினார் என்ற தெம்பும் வருகிறது. அந்தத் தெம்பு உள்ள பிள்ளைதான் அடுத்த கேள்வியைக் கேட்கும்.

பயம் இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. பிள்ளை பயப்படும்போது உடலில் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற சுரப்புகள் கூடுகின்றன. இதயம் படபடக்கிறது, ஆபத்து எந்தப் பக்கமிருந்து வரும் என்பதிலேயே கவனம் நிற்கிறது. பலகையில் எழுதியது கண்ணில் படும், மனத்தில் தங்காது. இடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்து பாட்டியின் முந்தானையில் முகம் புதைக்கும் பிள்ளைக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை, சற்று நேரத்தில் தெளிந்துவிடும். நாள்தோறும் அதே ஆளிடம், அதே அறையில், தேற்ற ஒருவரும் இல்லாமல் வரும் பயம்தான் தூக்கத்தையும் பசியையும் நினைவாற்றலையும் கெடுக்கிறது. ‘நேத்து ஒப்பிச்சதெல்லாம் இன்னிக்கு மறந்துட்டான்’ என்று டியூஷன் தேடும் பெற்றோர், அதற்கு முன்னால் பிள்ளை எதற்குப் பயப்படுகிறது என்று பார்ப்பது நல்லது.

பல பயங்கள் வீட்டிலேயே, அன்போடுதான், ஊட்டப்படுகின்றன. சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வருவான், அடம் பிடித்தால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும், தூங்காவிட்டால் டாக்டர் ஊசி போடுவார். ‘உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்’ என்று சொல்லிப் பெரியவர்கள் சிரிப்பார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது வேடிக்கை என்று தெரியாது, சொன்னபடியே எடுத்துக்கொள்ளும். போலீஸையும் டாக்டரையும் பூச்சாண்டியாக்குவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளை யாரிடம் ஓட வேண்டுமோ, அவரைக் கண்டே அது ஒளிந்துகொள்ளும்.

‘பக்கத்து வீட்டு பாப்பாவைப் பாரு’ என்ற ஒப்பீடும் இந்த வகைதான். பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொள்வது படிப்பை அல்ல. தான் போதாதவன், போதாதவள் என்பதை.

பள்ளியில் சேர்க்கும் முதல் வாரத்தில் பெற்றோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. பிள்ளை பொம்மையைப் பார்க்கும் நேரத்தில் சொல்லாமல் நழுவிவிடுவார்கள். அன்று அழுகை குறையும். மறுநாள் முதல் பிள்ளை பொம்மையைப் பார்க்காது, அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பவுல்பியும், அவரைத் தொடர்ந்து மேரி எய்ன்ஸ்வொர்த்தும் செய்த ஆய்வுகளின் சாரமே, தன்னை வளர்ப்பவர் திரும்பி வருவார் என்று நம்பும் பிள்ளைதான் துணிந்து உலகத்தைத் துழாவும் என்பது. ‘சாப்பாட்டு மணி அடிச்சதும் வாசல்ல நிப்பேன்’ என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அழ அழப் போனாலும் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பதுதான் சரி. பத்து நாளில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பழகிவிடும்.

எழுதும் அவசரம்

எல்.கே.ஜி.யிலேயே நான்கு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வைப்பது இன்று பெருமையாகிவிட்டது. பிள்ளையின் கை அதற்குத் தயாராக இல்லை என்பதை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும். வட்டத்தைப் பார்த்து வரையும் திறன் ஏறக்குறைய 3 வயதிலும், கூட்டல் குறி 4 வயதிலும், முக்கோணம் 5 வயதிலும்தான் வருகிறது. சாய்கோடே வராத கையில் ‘கே’யும் ‘எக்ஸும்’ எழுதச் சொன்னால் வலியும் அழுகையும்தான் மிஞ்சும். மாவு உருட்டுவது, பல்லாங்குழியில் முத்து போடுவது, வெந்தயத்திலிருந்து கல் பொறுக்குவது, வாசலில் கோலப்பொடி கிள்ளிப் போடுவது எல்லாம் விரல்களைப் பென்சிலுக்குத் தயார் செய்கின்றன. மணலிலும் அரிசியிலும் விரலால் எழுதித் தொடங்கிய பழைய முறையில் அந்தப் பொறுமை இருந்தது.

வீட்டுப்பாடம் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதத்தில் ஓர் உத்தரவு பிறப்பித்தது: ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் இதை மாநிலங்களுக்குச் சுற்றறிக்கையாக அனுப்பி, அந்த இரு வகுப்புகளுக்கும் மொழி, கணக்கு தவிர வேறு பாடம் வேண்டாம் என்றும், பையின் எடை ஒன்றரை கிலோவைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னது. 2020இல் வந்த பள்ளிப் பைக் கொள்கைப்படி மழலையர் வகுப்புக்குப் பையே தேவையில்லை. வேனுக்காகக் காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் நிற்கும் பிள்ளைகளின் முதுகைப் பார்த்தால், இந்தத் தாள்கள் பள்ளி வாசலைத் தாண்டவில்லை என்று தெரியும். டைரியில் எழுதிவந்த வீட்டுப்பாடத்தைக் காட்டி இந்த விதிகளைத் தலைமையாசிரியரிடம் எடுத்துச் சொல்லப் பெற்றோருக்கு முழு உரிமை இருக்கிறது.

வீட்டில் பேசும் மொழி பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளி ஆங்கில வழி என்பதால், தமிழ் மட்டுமே இயல்பாக வரும் பெற்றோர் ‘கம் ஹியர்’, ‘ஈட் பண்ணு’ என்று மாறிவிடுகிறார்கள். அதனால் பிள்ளைக்கு ஆங்கிலம் வருவதில்லை. வளமான தமிழும் கிடைக்காமல் போகிறது. கோபம், பொறாமை, ஏக்கம், கூச்சம் என்று மனத்தில் நடப்பதற்கெல்லாம் பெயர் தெரிந்த பிள்ளை, அடிப்பதற்கும் கடிப்பதற்கும் பதிலாக வாயால் சொல்லப் பழகும். அந்தப் பெயர்களைப் பெற்றோர் தம் சொந்த மொழியில்தான் உயிரோடு சொல்ல முடியும். பயிற்றுமொழி இயன்றவரை பிள்ளையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் சொல்கிறது. பிள்ளையைப் பயம், அதிர்ச்சி, பதற்றம் இல்லாமல் படிக்க வைக்க வேண்டும் என்று எழுதியிருப்பதும் அதே பிரிவுதான்.

கைப்பேசி

2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 3, 4 வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 180 நிமிட ஓட்டமும் ஆட்டமும், 10 முதல் 13 மணி நேரத் தூக்கமும் தேவை என்கிறது. ஒற்றை அறை வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு உலை வைக்கும் தாய் பத்து நிமிடம் போனைக் கொடுத்தால் அதைக் குற்றமாகப் பேசுவது நியாயமில்லை. முதலில் விலக்க வேண்டியது சாப்பாட்டு வேளைப் போனையும் படுக்கைப் போனையும்தான். பசி எப்போது அடங்கியது என்று தெரியாமல் விழுங்குவதும், தூக்கம் தள்ளிப்போவதும் அங்கேதான் தொடங்குகின்றன.

சொல்லத் தெரியாத பிள்ளை காட்டும் அடையாளங்கள்

இந்த வயதுப் பிள்ளை ‘எனக்கு மனசு சரியில்லை’ என்று சொல்லாது. உடம்பு சொல்லும். பள்ளி நாள் காலையில் வயிற்றுவலியும் வாந்தியும், ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் இல்லை. படுக்கையை நனைப்பது 5 வயது வரை இயல்பே. ஆனால் ஆறு மாதத்துக்கும் மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி நனைத்தால் கவனிக்க வேண்டும், திட்டக் கூடாது. ஒரே ஆளைக் கண்டால் ஒளிவது, பேச்சு குறைவது, ‘டீச்சர் விளையாட்டு’ விளையாடும்போது பொம்மையை ஓங்கி ஓங்கி அடிப்பது ஆகியவையும் செய்திகளே. அப்போது ‘யார் அடிச்சா, சொல்லு’ என்று நெருக்கினால் வாய் மூடிக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து, ‘பொம்மைக்கு ரொம்ப வலிக்குதா? அது என்ன பண்ணிச்சு?’ என்று கேட்டுப் பார்க்கலாம்.

வளர்ச்சித் தாமதம் வேறு வகை. 12 மாதத்தில் மழலை ஒலி இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 24 மாதத்தில் தானாக இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றாலோ, வந்த பேச்சு எந்த வயதிலாவது நின்றுபோனாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். ‘அவங்கப்பாவும் லேட்டாதான் பேசினாரு’ என்று காத்திருப்பதில் விலைமதிப்பற்ற மாதங்கள் போய்விடுகின்றன. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒருமுறையும் பரிசோதனை நடக்க வேண்டும். சந்தேகம் வந்தால், அரசு மருத்துவமனைகளில் ‘டி.இ.ஐ.சி.’ என்று அழைக்கப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பேச்சுப் பயிற்சி உட்பட அங்கே கட்டணம் கிடையாது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டவை. அவற்றைக் காரணம் காட்டிச் சேர்க்கை மறுப்பது சட்டத்துக்கு ஒவ்வாது.

அடிக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை

‘கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்’ என்று சொல்லிப் பிள்ளையைப் பள்ளியில் விட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. அடிக்கும் அனுமதி என்ற ஒன்றைக் கொடுக்கப் பெற்றோருக்கே உரிமை கிடையாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. முட்டி போட வைப்பது, பெஞ்சு மேல் நிறுத்துவது, கழிவறையில் பூட்டுவது, வகுப்பின் முன்னால் பட்டப்பெயர் சொல்லிச் சிரிக்க வைப்பது எல்லாம் இதில் அடங்கும். முதல் வகுப்பில் சேர்க்கப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைப்பதை 13ஆம் பிரிவு தடுக்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரையும், அதன்பின் ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் குழந்தை என்று வரையறுப்பது 6 முதல் 14 வயது வரை உள்ளவரை. எல்.கே.ஜி. பிள்ளை அதற்குள் வராது என்று சொல்லிப் பள்ளி தப்ப முயலலாம். 18 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் பொருந்தும் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் அந்த இடைவெளியை அடைக்கிறது. அதன் 75ஆம் பிரிவின்படி, தன் பொறுப்பில் உள்ள பிள்ளையைத் தாக்கி அல்லது புறக்கணித்துத் தேவையற்ற உடல், மன வேதனை தருபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். பிள்ளைகளைப் பராமரிக்கும் பொறுப்புள்ள நிறுவனத்தின் ஊழியர் என்றால் தண்டனை இன்னும் கடுமை. பொறுப்பில் உள்ளவர் என்பதில் பெற்றோரும் அடக்கம்.

அடிக்காமல் வளர்ப்பது என்றால் கேட்டதையெல்லாம் கொடுப்பது என்று பொருள் இல்லை. கடைவாசலில் உருண்டு அழும் பிள்ளையைத் தூக்கி ஓரமாக வந்து, ‘கோவம் வருது, கார் பொம்மை வேணும்னு இருக்கு’ என்று சொல்லிப் பக்கத்திலேயே இருப்பது, அழுகை ஓய்ந்த பிறகு ‘இன்னிக்கு இல்லை’ என்பதை மாற்றாமல் நிற்பது. பெரியவரின் நிதானத்தைக் கடன் வாங்கித்தான் பிள்ளை நிதானம் கற்கிறது. தூக்கமின்றித் தவிக்கும் தாய்க்கும், குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு வாழ்பவருக்கும் இந்த நிதானத்தைப் போதிப்பது மட்டும் போதாது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம் என்ற வசதியோடு 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணும், பெண்களுக்கான 181ம் அவர்களுக்காகவே இருக்கின்றன.

புகார் செய்யும் வழி

பள்ளியில் அடி விழுந்தது தெரிந்தால் முதலில் காயத்தைத் தேதியோடு படம் எடுத்து, மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு தலைமையாசிரியருக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். வாய்ப்பேச்சில் சொன்னதற்குப் பின்னால் சாட்சி இருக்காது. அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்கலாம், அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். நகர்வு இல்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலர், பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098. கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் கொடுக்கும் எழுத்துப் புகாருக்கு மூன்று மாதத்தில் முடிவு சொல்லப்பட வேண்டும். அதில் திருப்தி இல்லையெனில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.

பாலியல் சீண்டல் என்ற சந்தேகம் வந்தால் பள்ளிக்குள் பேசி முடிக்கக் கூடாது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, அதை அறிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைக்கும் பள்ளித் தலைமையும் தண்டனைக்கு உரியது, நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் வழக்கு வராது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி ஒருவர், இயன்றவரை பெண் அதிகாரியே, பெற்றோர் அல்லது பிள்ளை நம்பும் ஒருவரின் முன்னிலையில் பதிய வேண்டும். பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெயரையும் முகத்தையும் வெளியிடுவது குற்றம். இதற்கிடையில் சொந்தக்காரர்கள் வந்து ஒவ்வொருவராக ‘என்னடா நடந்துச்சு’ என்று கேட்க விடக் கூடாது. ஒருமுறை சொன்னதைப் பிள்ளையின் வார்த்தைகளிலேயே எழுதி வைத்துக்கொண்டு, ‘நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பே இல்லை’ என்று சொல்லிவிட்டு, அன்றிரவும் வழக்கமான நேரத்தில் சோறு ஊட்டி, வழக்கமான கதையைச் சொல்லித் தூங்க வைக்க வேண்டும்.