தமிழ்ப் பள்ளிப் புத்தகம் எப்போ ரெடி ஆகும்?

வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் வாலண்டியரா இருக்கிற பெற்றோருக்கு இது புதுசு இல்லை. ஆகஸ்ட் மீட்டிங்கில் போடுற திட்டம் ஒன்று, ஜனவரியில் நடப்பது வேறொன்று. எங்கள் பள்ளியில் இரண்டாம் நிலைப் பாடப் புத்தகத்தைப் புதுசா எழுத "மூணு மாசம் போதும்" என்று கமிட்டியில் பேச்சு வந்தது. நான் மென்பொருள் துறையில் இருப்பவள். இந்த மாதிரி தேதிகளைத் தினமும் கேட்டுப் பழகின காது.

இதற்கு நடத்தைப் பொருளாதாரத்தில் 'பிளானிங் ஃபேலசி' என்று பெயர். 1979-இல் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் எழுதியது. வேடிக்கை என்னவென்றால், கானமனே இதில் மாட்டியிருக்கிறார், அதுவும் ஒரு பாடப் புத்தக விஷயத்தில்! இஸ்ரேலில் உயர்நிலைப் பள்ளிகளுக்காக ஒரு பாடத்திட்டம் தயாரிக்கும் குழுவில் அவர் இருந்தார். எப்போது முடியும் என்று ஒவ்வொருவரையும் தனியாக எழுதித் தரச் சொன்னார். ஒன்றரை முதல் இரண்டரை வருஷம் என்று வந்தது. பிறகு குழுவிலிருந்த பாடத்திட்ட நிபுணரிடம், இதே வேலையைச் செய்த மற்ற குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆனது என்று கேட்டார். சுமார் 40 சதவீதம் முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு 7 முதல் 10 வருஷம் என்று பதில் வந்தது. அந்த நிபுணரும் சற்று முன் மற்றவர்கள் மாதிரிதான் எழுதியிருந்தார். கடைசியில் 8 வருஷம் ஆனது. அதற்குள் அமைச்சகத்துக்கு ஆர்வம் போய்விட, அந்தப் பாடம் வகுப்புக்கே வரவில்லை.

கம்பெனியில் தேதி தள்ளிப்போனால் பணம் போகும். தமிழ்ப் பள்ளியில் போவது ஒருவருடைய சனிக்கிழமைகள். அதற்கு யாரும் பில் அனுப்புவதில்லை. களைத்துப்போனவர் சண்டை போடாமல் அடுத்த வருஷம் பேர் கொடுக்காமல் இருந்துவிடுவார், அவ்வளவுதான். பிறகு நம்ம பிள்ளைகளின் வகுப்புக்கு டீச்சர் இருக்க மாட்டார்.

அதனால் நாங்கள் முதலில் பழைய ஈமெயில்களைத் தோண்டினோம். முதல் நிலைப் புத்தகத்துக்கு, முதல் மெயிலில் இருந்து அச்சான பெட்டி வந்து இறங்கும்வரை 14 மாசம். அதுக்கு மேல் விவாதமே தேவைப்படலை.

அடுத்தது, கேரி க்ளைன் என்ற உளவியலாளர் 2007-இல் எழுதிய 'ப்ரீமார்ட்டம்'. ஒரு வருஷம் கழித்து இந்தத் திட்டம் படுத்துவிட்டதாக வைத்துக்கொண்டு, ஏன் படுத்தது என்று எல்லோரும் சீட்டில் எழுத வேண்டும். நம்ம கூட்டங்களுக்கு இது ரொம்பப் பொருந்தும். மூத்த அங்கிள் ஒருவர் தேதி சொல்லிட்டா, இங்கேயே பிறந்து வளர்ந்த நமக்குக்கூட மறுத்துப் பேச வாய் வராது. சீட்டில் கை தானா எழுதும். "படம் வரையற அக்கா மார்ச்சில் ஊருக்குப் போறாங்க." "ண, ன, ந பிழை பார்க்க ஒரே ஒருத்தர்தான் இருக்கார்."

அங்கிள் சீட்டுகளைப் படித்துவிட்டு, "ஏம்மா, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார்.

இப்போதைக்கு முதல் ஆறு பாடங்களை மட்டும் நகல் எடுத்துக் கொடுக்கிறோம். மீதிக்கு அடுத்த கல்வியாண்டு. பிழை பார்க்க இரண்டாவது ஆளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.