டிசம்பர் 2-இல் ஒரு கல்யாணம்

உங்கள் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இருப்பது துபாயில். மாப்பிள்ளை வீடு அபுதாபியில். தாத்தா, பாட்டி திருநெல்வேலியில். "எப்போ வச்சுக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே அப்பா காலண்டரை எடுக்கிறார். பத்து நிமிடம் புரட்டுகிறார். பிறகு, "டிசம்பர் ரெண்டு, தேசிய தினம்! அன்னைக்கே வச்சுடலாம்!" என்கிறார்.

ஏன் அந்த நாள்?

உங்கள் பள்ளிக்கு நீண்ட விடுமுறை எப்போது வருகிறது? ஜூலை, ஆகஸ்டில் ஒன்று. டிசம்பர் நடுவில் இன்னொன்று. இப்போது தமிழ் மாதங்களைப் பாருங்கள். ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. டிசம்பர் 16 வாக்கில் மார்கழி பிறக்கிறது. இந்த இரண்டு மாதங்களிலும் தமிழ் இந்துக் குடும்பங்கள் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை. லீவு இருந்தால் முகூர்த்தம் இல்லை. முகூர்த்தம் இருந்தால் லீவு இல்லை! முகூர்த்தம் என்றால் கல்யாணத்துக்காகப் பார்த்து வைக்கும் நல்ல நேரம்.

டிசம்பர் 2 கார்த்திகை மாதத்தில் வருகிறது. கார்த்திகையில் கல்யாணம் வைக்கலாம். ஆபீசும் லீவு, பள்ளியும் லீவு. வெயிலும் குறைந்திருக்கும், புல்வெளியில் பந்தல் போடலாம். ஆனால் ஒவ்வொரு வருடமும் அதே தேதியில் முகூர்த்தம் இருக்கும் என்று சொல்ல முடியாது. பாட்டி பஞ்சாங்கம் பார்த்துவிட்டு, "ஒரு நாள் முன்னாடி வச்சுக்கோங்கப்பா" என்று சொன்னாலும் சொல்லுவார்.

தமிழ் முஸ்லிம் வீடுகளில் இந்த ஆடி, மார்கழிக் கணக்கு கிடையாது. கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் என்றைக்குத் தொடங்குகிறது என்று பார்ப்பார்கள்.

இந்தியாவிலும் இப்படி ஒரு வேடிக்கை உண்டு. சுதந்திர தினமான ஆகஸ்ட் 15 ஆடி மாதக் கடைசியில் வருகிறது. அதனால் அன்று தமிழ்நாட்டுக் கல்யாண மண்டபங்கள் பெரும்பாலும் காலி. குடியரசு தினமான ஜனவரி 26 தை மாதம். அந்த மாதத்தில் மண்டபம் கிடைப்பதே கஷ்டம்.

சரி, டிசம்பர் 2-இல் அப்படி என்ன நடந்தது?

1971-ஆம் ஆண்டு அந்த நாளில்தான் அபுதாபி, துபாய், ஷார்ஜா, அஜ்மான், உம்முல் குவைன், புஜைரா ஆகிய ஆறும் ஒரே நாடாக இணைந்தன. துபாயின் ஜுமைராவில் உள்ள யூனியன் ஹவுஸில் புதிய கொடி ஏறியது. 1972 பிப்ரவரி 10-இல் ராஸ் அல் கைமாவும் சேர்ந்தது. ஏழு ஆயிற்று. இந்த நாளை இப்போது 'ஈத் அல் எதிஹாத்' என்கிறார்கள். 'எதிஹாத்' என்றால் ஒன்றுசேர்தல். இரண்டு வீடுகள் ஒன்றுசேரும் நாளுக்கு நல்ல பொருத்தம்தான்!

ஆனால் அவசரப்பட்டுப் பத்திரிகை அடிக்கக் கூடாது. டிசம்பர் 2, 3 இரண்டும் விடுமுறை என்பது பொது விதி. அதை வாரத் தொடக்கத்துக்கோ கடைசிக்கோ அரசு மாற்றலாம். 2025-இல் டிசம்பர் 1, 2 தேதிகளில்தான் லீவு கிடைத்தது. 3-ஆம் தேதி எல்லாரும் வேலைக்குப் போனார்கள். அந்த வருடம் யாராவது 3-ஆம் தேதி கல்யாணம் வைத்திருந்தால்? பாதிப் பேர் ஆபீசில் இருந்திருப்பார்கள்! இன்னொன்று: லீவு அன்று அரசு அலுவலகங்களும் மூடியிருக்கும். அதனால் கல்யாணப் பதிவை வேறு ஒரு நாளில் முடிக்க வேண்டும். பாட்டியின் விசா வேலையையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

இனி அலங்காரம். அமீரகக் கொடியில் சிவப்பு, பச்சை, வெள்ளை, கருப்பு என்று நான்கு நிறங்கள். 1971-இல் நடந்த போட்டியில் இந்த வடிவத்தை வரைந்து வென்றவர் அப்துல்லா முகமது அல் மைனா. அப்போது அவருக்கு வயது 19. அதாவது, பள்ளியை விட்டு வந்து அதிக நாள் ஆகாத ஒரு இளைஞர்!

"இந்த நாலு கலர்லயும் மேடை போடலாம்" என்று அக்கா சொல்கிறாள். வீடியோ காலில் இருக்கும் பாட்டிக்குக் கோபம் வருகிறது.

"ஏன் கண்ணு, நல்ல காரியத்துல கருப்பு எதுக்கு?"

பாட்டி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நம் கல்யாணங்களில் கருப்பைத் தவிர்ப்பது பழைய வழக்கம். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மணப்பெண்ணின் பட்டுப்புடவையில் சிவப்பு இருக்கிறது. வாழை மரமும் மாவிலைத் தோரணமும் பச்சை. வேட்டியும் மல்லிகையும் வெள்ளை. கருப்பு? கண் மையும், கன்னத்தில் வைக்கிற திருஷ்டிப் பொட்டும் கருப்புத்தானே! நான்கு நிறமும் ஏற்கெனவே வந்துவிட்டன. மேடையில் கருப்புத் துணி கட்டவே வேண்டாம். இதைச் சொன்னால் பாட்டியும் சிரித்துவிடுவார்.

நிறத்தை எடுத்துக்கொள்வது வேறு. கொடியையே எடுத்துக்கொள்வது வேறு. கொடியை மேசை விரிப்பாகப் போடக் கூடாது. தரையில் கோலமாக வரைந்து அதன்மேல் நடக்கக் கூடாது. கொடியை அவமதிப்பது அமீரகத்தில் குற்றம். கேக்கிலும் கவனம் வேண்டும். கோயம்புத்தூரில் 2013 கிறிஸ்துமஸ் விழாவில் 6 அடிக்கு 5 அடியில் ஒரு பெரிய கேக் வெட்டினார்கள். அதன்மேல் மூவர்ண நிறத்தில் இந்திய வரைபடமும் அசோகச் சக்கரமும் இருந்தன. "தேசியக் கொடியை வெட்டிவிட்டார்கள்" என்று புகார் வந்தது. வழக்கு நடந்தது. அது அவமதிப்பு ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது. ஆனால் ஒரு கேக்குக்காக இத்தனை வருடம்! அது இந்தியச் சட்டம்; இங்கே சட்டம் வேறு. எனவே கேக்கின்மேல் ரோஜாப் பூ போதும்.

கொடியைவிட அழகான ஒன்று இருக்கிறது: ஏழு என்ற எண். பல தமிழ்க் கல்யாணங்களில் மணமக்கள் அக்னியின் அருகே ஏழு அடி எடுத்து வைக்கிறார்கள். அதற்கு 'சப்தபதி' என்று பெயர். அமீரகங்களும் ஏழு. அபுதாபியில் 2024 பிப்ரவரியில் திறந்த பெரிய இந்துக் கோவிலின் கோபுரங்களும் ஏழு. ஏழு அமீரகங்களைக் குறிக்கத்தான் அப்படிக் கட்டினார்கள். நீங்களும் வாசலில் ஏழு குத்துவிளக்கு வைக்கலாம். ஒவ்வொரு விளக்கின் பக்கத்திலும் ஒரு அமீரகத்தின் பெயரை, தமிழிலும் அரபியிலும், உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள்.

வரவேற்பில் சந்தனம், கற்கண்டு, பன்னீர் இருக்கும். கூடவே பேரீச்சம்பழமும் 'கஹ்வா' என்ற அரபுக் காபியும் வைக்கலாம். விருந்தினருக்குக் கஹ்வா கொடுப்பது இந்த ஊர் மரியாதை. யுனெஸ்கோ 2015-இல் அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆட்டம் வேண்டுமா? 'அல் அய்யாலா' இருக்கிறது. ஆண்கள் கையில் மூங்கில் குச்சியோடு இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று, மேளத்துக்கு ஏற்ப அசைவார்கள். இங்கே கல்யாணத்திலும் அதை ஆடுகிறார்கள், தேசிய தினத்திலும் ஆடுகிறார்கள். நாதஸ்வரம் முடிந்த பிறகு அதை வையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் என்றால் காது தாங்காது!

முகூர்த்தம் காலையில் இருப்பது நல்லது. தேசிய தினத்தன்று மாலையில் ஊரே ரோட்டில் இருக்கும். மாப்பிள்ளை டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

கடைசியாக ஒரு விஷயம். அன்று எல்லாருக்கும் லீவு என்று சொன்னேன். அது சரியில்லை. சாம்பார் கொதிக்க வைப்பவருக்கும், நாற்காலி போடுபவருக்கும், வேன் ஓட்டுபவருக்கும் அன்றுதான் வேலை அதிகம். பொது விடுமுறையில் வேலை செய்தவருக்கு வேறு ஒரு நாள் லீவு தர வேண்டும். இல்லாவிட்டால் அந்த நாள் சம்பளத்தோடு, அடிப்படைச் சம்பளத்தில் குறைந்தது 50 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். இது அமீரகத் தொழிலாளர் சட்டம். கேட்டரிங் பேசும்போது, "அன்னைக்கு வர்றவங்களுக்கு லீவு நாள் கூலி சேர்த்துக் குடுக்குறீங்களா?" என்று அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள்.

கடைசிப் பந்தியில் அவர்களுக்கும் இலை போடச் சொல்லுங்கள். பாயசம் தீர்வதற்குள்.