ஒன்பது வந்தால் திருகலாம்!

காலை ஐந்தரை மணி. தூத்துக்குடியில் திரேஸ்புரம் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகை, உள்ளே ஒரே ஒரு குண்டு பல்பு. அதன் வெளிச்சத்தில், மூக்கு மொத்தத்தையும் முன்னால் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறது என் பெரியப்பா ஓட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. இன்றைக்கு அதன் மண்டையைத் திறக்கப் போகிறோம்!

இத்தனை விடியலில் எதற்கு என்கிறீர்களா? டேப்பட் செட்டிங்குக்கு, அதாவது வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்ய, என்ஜின் நன்றாகக் குளிர்ந்து கிடக்க வேண்டும். தூத்துக்குடி வெயிலில் பத்து மணிக்கு மேல், ஓடாமல் நிற்கிற வண்டியைத் தொட்டாலே கை சுடும். "ராத்திரி பூரா தூங்கின வண்டியைத்தான் தொடணும் தம்பி" என்கிறார் மெக்கானிக் அண்ணாச்சி. அவருக்கு அன்றாட வேலை வல்லங்களில் இருக்கும் லேலண்டு டீசல் என்ஜின்கள். நடுக்கடலில் வால்வு மக்கர் செய்தால் ஆள் கரை சேர மாட்டான் என்று தெரிந்த கை அது. அந்தக் கையில் இந்தச் சின்ன பெட்ரோல் என்ஜினைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

எனக்கு இது ஸ்போர்ட்ஸ் கார்தான். ஹெரால்டு எப்படி ஸ்போர்ட்ஸ் கார் ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வம்சக் கதை சொல்கிறேன். 1962இல் இங்கிலாந்தின் ட்ரையம்ப் நிறுவனம் ஸ்பிட்ஃபயர் என்று ஒரு காரை இறக்கியது. இரண்டே இருக்கை, திறந்த கூரை, பார்த்தாலே நெஞ்சு படபடக்கும். அதன் அடிச்சட்டம் ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கிச் செய்தது. இரண்டு உடம்பையும் வரைந்தவர் ஒரே இத்தாலிக்காரர், ஜொவான்னி மிக்கெலோட்டி. என்ஜினும் ஒரே வம்சம். 1953இல் 803 சிசியாகப் பிறந்து, ஹெரால்டில் 948 ஆகி, ஸ்பிட்ஃபயரில் 1147, 1296 என்று வளர்ந்து, 1493 வரை போனது. அந்த ஹெரால்டைத்தான் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961 முதல் செய்தது. ஆக, ஸ்பிட்ஃபயரின் வால்வு அடுக்கு எப்படி இருக்கும் என்று எட்டிப் பார்க்க நான் இங்கிலாந்து போக வேண்டியதில்லை. திரேஸ்புரம் போதும்!

பானெட் என்று சொன்னால் இந்த வண்டிக்குக் குறைச்சல். முன் மட்கார்டுகள், ஹெட்லைட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து முகமே முன்னால் சாய்ந்துவிடும். அண்ணாச்சி முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டார், ஏதோ திண்ணையில் உட்காருகிற மாதிரி. ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி வரிசையாகத் துணியில் வைத்தார். அமுக்கம் போய்விட்டால் என்ஜினைக் கையாலேயே சுற்றலாம். பிறகு மேல்மூடியின் இரண்டு நட்டு. கார்க் பேக்கிங் கிழியாமல் மூடியை மெதுவாகத் தூக்கினார்.

ஐயோ, அந்தக் காட்சி! தேன் நிறத்து எண்ணெய் பூசிய ஒரே ஒரு தண்டு. அதில் வரிசையாக எட்டு ராக்கர்கள், சீசாப் பலகை மாதிரி. ஒரு பக்கம் கீழேயிருந்து புஷ் ராட் உந்தும், மறுபக்கம் வால்வை அமுக்கும். என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது இந்த ஒவ்வொன்றும் நொடிக்கு இருபத்தைந்து தடவை தலையாட்டுகிறது. இத்தனை வருஷம் இந்த வண்டியில் போயிருக்கிறேன், ஒரு நாளும் இவர்களைப் பார்த்ததில்லை.

ராக்கர் நுனிக்கும் வால்வுத் தண்டின் முனைக்கும் நடுவே விட வேண்டிய சந்து, அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பத்து பங்கு. மில்லிமீட்டரில் 0.25. சூட்டில் உலோகம் நீளும் என்பதற்காக விடுகிற இடம் அது. அதிகமாக விட்டால் டக் டக்கென்று தட்டும், வால்வும் முழுசாகத் திறக்காது. குறைவாக விட்டால் சத்தமே வராது, ஆபத்து அங்கேதான். வால்வு தன் சூட்டைக் கழிப்பது பெரும்பாலும் மூடியபடி சீட்டில் உட்காரும் அந்தக் கணத்தில்தான். உட்கார விடாவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கருகிவிடும்.

இப்போது ஒன்பது வித்தை. முன்னாலிருந்து பின்னால் வரை வால்வுகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை எண். எட்டாவது முழுசாக அமுங்கித் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்ய வேண்டும். ஏழு திறந்தால் இரண்டு. ஆறு திறந்தால் மூன்று. எதைக் கூட்டினாலும் ஒன்பது! நான்காவது சிலிண்டரும் முதலாவதும் சேர்ந்தே ஏறி இறங்கும், ஆனால் வேலையில் கேம் ஷாஃப்ட்டுக்கு அரைச் சுற்று முன்பின். அதனால் ஒருவருடைய கேம் மேடு உச்சத்தில் இருந்தால் மற்றவருடையது முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கணக்கை அண்ணாச்சி சாக்பீஸால் தரையில் எழுதிக் காட்டியபோது நான் கை தட்டியே விட்டேன்.

என்ஜினைச் சுற்ற, வண்டியை டாப் கியரில் போட்டு நான் பின்னாலிருந்து தள்ள வேண்டும், அவர் ராக்கரைப் பார்த்துக்கொண்டே "இன்னும் கொஞ்சம்... நில்லுங்க!" என்பார். எண்ணெய்த் துணியைப் பிரித்து சந்தை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடுகளை எடுத்தார். உப்பளக் காற்றில் மெல்லிய எஃகு துருப்பிடித்துவிடும், துருவேறினால் அளவே மாறிப் போகும் என்பதால் அவற்றுக்கு இந்தப் போர்வை. தகடுகளை அவர் விசிறி மாதிரி விரித்தபோது எனக்கு இந்தக் கரையின் முத்துச் சல்லடைகள் நினைவுக்கு வந்தன. முத்துக்குளித்த நாட்களில் பித்தளைத் தட்டுகள் பத்து வைத்திருந்தார்கள். ஒரே அகலம், ஒன்றில் இருபது துளை, அடுத்ததில் முப்பது, இப்படி ஆயிரம் வரை. எந்தத் தட்டில் முத்து தங்குகிறதோ அதுதான் அதன் ரகம். ஹெரால்டு வண்டலூரில் பிறந்த அதே 1961இல்தான் இந்தக் கடலில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பும் நடந்து ஓய்ந்தது. ஆண்டுக் கணக்கு இப்படிப் பொருந்தியதில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இழுத்துப் பாருங்க தம்பி" என்று தகட்டின் நுனியை என்னிடமே கொடுத்தார். என்னிடம்! லேசாகப் பிடித்து, ஆனால் வரவும் வந்தது. "பழைய புஸ்தகத்துக்குள்ள இருக்கிற ரூபா நோட்டை உருவற மாதிரி இருக்கணும்" என்றார். இனி எனக்கு அது மறக்காது. திருப்புளியால் திருகைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் லாக் நட்டை இறுக்கினால், இறுகும்போதே சந்து இம்மியளவு மாறிவிடுகிறது. மறுபடி தளர்த்தி, மறுபடி இறுக்கி, மறுபடி தகடு. ஒரே வால்வுக்கு மூன்று முறை. அண்ணாச்சி ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

நான்காவதில் தகடு நுழையவே இல்லை. அது எக்ஸாஸ்ட். முன்பு வேறொரு பட்டறையில் வண்டியை விட்டபோது "சத்தம் வருது" என்று நான்தான் புகார் செய்திருந்தேன், சத்தத்தை அடக்க இறுக்கிக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஐந்தாவது திறந்திருக்கும்போதே அண்ணாச்சி நான்காவதைத் தளர்த்திச் சரியான அளவில் நிறுத்தினார். "கருகலை, தப்பிச்சது" என்றதும்தான் மூச்சு வந்தது.

மூடி ஏறியது, பிளக்குகள் ஏறின, சாவியைத் திருகினேன். ஆஹா! ஐடிலில் வண்டி அசையாமல் நின்று முணுமுணுத்தது. அண்ணாச்சி நீளத் திருப்புளி ஒன்றின் முனையை மூடி மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டார். ஒவ்வொரு வால்வாக நகர்ந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

உள்ளே ஒரு தறிக்கூடமே ஓடிக்கொண்டிருந்தது! ஏழு பேர் ஒரே தாளத்தில். ஆறாவது மட்டும் டிக்... டிக்...

"அளவு சரியாத்தானே வச்சோம் அண்ணாச்சி?"

"தகடு பொய் சொல்லியிருக்கு" என்றார். பல வருஷம் தட்டித் தட்டி ராக்கரின் நுனியில் வால்வின் அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்குமாம். தட்டையான தகடு பள்ளத்துக்குள் இறங்காமல் அதன் இரண்டு கரைக்கும் பாலம் போட்டு நிற்கும். உண்மையான சந்து அதைவிடப் பெரிசு. தண்டைக் கழற்றி, அந்த நுனியைச் சாணைக்கல்லில் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும்.

உடனே செய்யலாமா என்றேன். அவர் என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்து எடுத்துக் காட்டினார். சுட்டுவிட்டது.

"நாளைக்கு வாங்க, தம்பி. அஞ்சரைக்கு."

நான் ஐந்துக்கே வந்துவிடுவேன்.